மருத்துவக் கல்விப்பணியில் பெண்கள்: சேர்க்கைக்கும் தலைமைக்கும் இடைப்பட்ட தூரம்

இந்தியாவில் 2014–15 கல்வியாண்டில் மருத்துவக் கல்லூரிகளில் சேர்ந்த பெண்கள் 23,522 பேர். ஆண்கள் 22,934 பேர். சேர்க்கையில் பெண்களின் பங்கு பாதியைத் தாண்டிவிட்டது. உதவிப் பேராசிரியர், இணைப் பேராசிரியர், பேராசிரியர், துறைத் தலைவர், டீன், துணைவேந்தர் என்று பதவி உயர உயர அந்தப் பங்கு மெலிந்துகொண்டே போகிறது. மருத்துவக் கல்விப்பணியில் பாலின வேறுபாடு என்று ஆய்வாளர்கள் குறிப்பிடுவது இந்த மெலிவையே. படிக்கப் பெண்கள் வரவில்லை என்பது இன்றைய சிக்கல் அன்று. வந்தவர்கள் எந்தப் படியில் நின்றுவிடுகிறார்கள், ஏன் நிற்கிறார்கள் என்பதே கேள்வி.

இதை ஆராயத் தமிழகம் ஏற்ற களம். பெண்களுக்கு மருத்துவக் கல்வி இங்கே மிக முன்னதாகவே திறந்தது. எனவே சேர்க்கைக்கும் தலைமைக்கும் உள்ள தொலைவை ஒன்றரை நூற்றாண்டு நீளத்தில் அளந்து பார்க்க முடிகிறது. பட்டுத் தறிகளும் கோயில்களும் நிறைந்த காஞ்சிபுரம் இந்த வரலாற்று நிலப்பரப்பின் நடுவே இருக்கிறது. மேற்கே சுமார் 70 கி.மீ. தொலைவில், பெண்களுக்கான மருத்துவப் பள்ளியாகத் தொடங்கிய வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. கிழக்கே, இந்தியாவில் முதன்முதலாகப் பெண்களைச் சேர்த்துக்கொண்ட சென்னை மருத்துவக் கல்லூரி. தென்கிழக்கே, 1965-இல் தொடங்கிய செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி. 2019 நவம்பரில் மாவட்டம் இரண்டாகப் பிரிந்தபோது அந்தக் கல்லூரி செங்கல்பட்டு மாவட்டத்தின் பங்கில் போனது. காஞ்சிபுரத்தில் எஞ்சியவை காரைப்பேட்டையில் 1969 முதல் இயங்கும் அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, ஏனாத்தூரில் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரி ஆகியவை. அரசு மருத்துவக் கல்லூரியில் ஆசிரியராக விரும்பும் காஞ்சிபுரத்துப் பெண் படிக்கவும் பணியாற்றவும் ஊரைவிட்டு வெளியே போயாக வேண்டும். அந்தப் பயணத்தின் கட்டங்களில்தான் வேறுபாடு உருவாகிறது.

முதல் நுழைவு

1875-இல் மேரி ஷார்லீப் உள்ளிட்ட நான்கு பெண்கள் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தனர். சர்ஜன் ஜெனரல் எட்வர்ட் பால்ஃபோர் இதற்கு ஆதரவாக நின்றார். இலண்டன் பல்கலைக்கழகம் தன் பட்டங்களைப் பெண்களுக்குத் திறந்தது 1878-இல்தான் என்பதை நினைத்தால் சென்னையின் முந்துதல் விளங்கும். சென்னையில் அப்பெண்கள் பெற்றது பட்டம் அன்று, சான்றிதழ். முழுப் பட்டம் வேண்டி ஷார்லீப் இலண்டன் சென்று 1882-இல் அதைப் பெற்றார். மறு ஆண்டு சென்னை திரும்பியவர், 1885-இல் உயர்சாதிப் பெண்களுக்கும் கோஷா (திரை) முறையில் வாழ்ந்த பெண்களுக்குமான விக்டோரியா மருத்துவமனையைத் தொடங்கினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குவது அதுவே. சென்னை மருத்துவக் கல்லூரியில் மகப்பேற்றியல் விரிவுரையாளராகவும் அவர் பணியாற்றினார். உடல்நலக் குறைவால் 1887-இல் இங்கிலாந்து திரும்ப வேண்டியதாயிற்று.

அவருக்குப் பின் வந்த இந்தியப் பெண்களில் சிலர் படிப்பை முடிக்கவில்லை. 1878-இல் சேர்ந்த கிருபாபாய் சத்தியநாதன் உடல்நலம் குன்றி ஓராண்டில் விலகினார். பின்னாளில் நாவலாசிரியராக அறியப்பட்டார். வங்காளத்தில் பெண்களுக்கு மருத்துவக் கல்லூரி திறக்காத நிலையில், அம்மாகாண அரசின் உதவித்தொகையுடன் 1882-இல் சென்னைக்கு வந்த அபலா தாசும் உடல்நலக் காரணத்தால் இடையில் நின்றார். பெண்களுக்கென விடுதி, மருத்துவ வசதி, துணை என எதுவும் சரிவர அமையாத காலம் அது. சேர்க்கை ஆணை ஒன்றே போதாது என்பதற்கு இவர்களின் வாழ்க்கை தொடக்ககாலச் சான்று.

1907-இல் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்ற புதுக்கோட்டை முத்துலட்சுமி ரெட்டி, சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையின் முதல் பெண் ஹவுஸ் சர்ஜன். 1914-இல் மருத்துவர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குக் குறுக்கே நிற்கக் கூடாது என்ற நிபந்தனைகளை முன்வைத்தார். திருமணத்தையும் பணியையும் ஒருசேர நடத்த அன்றைய பெண் ஒருவர் எழுத்தில்லா ஒப்பந்தம் ஒன்றைக் கோர வேண்டியிருந்தது.

தனிப் பணிப்பிரிவும் தனிக் கல்லூரியும்

படித்து முடித்த பெண்களுக்கு எதிரே நின்ற பெரிய தடை, பணி அமைப்பு. பிரிட்டிஷ் இந்தியாவில் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் பதவிகளும் பெரிய மருத்துவமனைகளின் தலைமையும் இந்திய மருத்துவப் பணி என்ற பிரிவின் அதிகாரிகளிடமே பெரும்பாலும் இருந்தன. அது இராணுவத்தோடு பிணைந்த பிரிவு. பெண்களுக்கு அதில் இடமில்லை. பெண்களுக்கு மருத்துவ உதவி வழங்க 1885-இல் உருவான டஃபரின் நிதியின் மருத்துவமனைகளில் பணியாற்றிய பெண் மருத்துவர்களும் மாவட்டச் சிவில் சர்ஜனான ஆண் அதிகாரியின் மேற்பார்வைக்கு உட்பட்டவர்களே. 1907-இல் அமைந்த இந்தியப் பெண் மருத்துவர் சங்கம் இதை எதிர்த்துக் குரல் கொடுத்தது. அதன் விளைவாக 1914-இல் பெண்கள் மருத்துவப் பணி என்ற தனிப்பிரிவு வந்தது. பணியிடங்கள் சொற்பம்; ஊதியமும் ஆண்களின் பிரிவைவிடக் குறைவு. ஆனாலும் பெண்கள் தலைமை ஏற்கத்தக்க பதவிகள் முதன்முறையாக அங்கேதான் உருவாயின.

இதே காலத்தில் பெண்களுக்கெனத் தனிக் கல்லூரிகள் எழுந்தன. 1916-இல் தில்லியில் லேடி ஹார்டிஞ்ச் மருத்துவக் கல்லூரி திறந்தது. அதன் முதல் முதல்வர் கேட் பிளாட் என்ற பெண் மருத்துவர். ராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், 1918-இல் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். 1922-இல் முதல் அணியில் 14 பேர் தேறினர். அவர்கள் பெற்றது எல்.எம்.பி. என்ற உரிமச் சான்று. மாகாண அரசு அந்தப் படிப்பைக் கைவிட்டு எம்.பி.பி.எஸ். பட்டத்தையே வலியுறுத்தியபோது, உயர் தகுதி பெற்ற பேராசிரியர்களும் பெரும் நிதியும் தேவைப்பட்டன. மற்ற மிஷன் அமைப்புகளின் ஆதரவைப் பெற ஆண்களையும் சேர்த்துக்கொள்வது என்ற முடிவு எடுக்கப்பட்டது. வேலூருக்காக அமெரிக்காவில் நிதி திரட்டிய லூசி பீபாடி இதைக் கடுமையாக எதிர்த்தார். பெண்களுக்காகத் திரட்டிய பணம் பெண்களுக்கே செலவாக வேண்டும் என்பது அவர் தரப்பு. ஐடா ஸ்கடர் கல்லூரி பிழைப்பதே முதன்மை என்று கருதினார். 1947 முதல் ஆண்களும் சேர்ந்தனர்.

இந்தப் பெண்கள் நிறுவனங்களின் வழியே உயர்ந்தவர்களில் முதன்மையானவர் ஹில்டா லாசரஸ். விசாகப்பட்டினத்தில் பிறந்து சென்னையில் மருத்துவம் பயின்ற இவர், பெண்கள் மருத்துவப் பணியில் சேர்ந்து அதன் தலைமைப் பதவிவரை சென்றார். 1948-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய இயக்குநரானார். அவர் ஏறிய ஏணி பெரும்பாலும் பெண்களுக்கெனத் தனியே அமைந்தது. விடுதலைக்குப் பின் தனிப்பிரிவு மறைந்து எல்லாருக்கும் பொதுவான பணி அமைப்பு வந்தது. சட்டப்படி சமத்துவம் கிடைத்தது; தலைமைக்கெனப் பெண்களுக்கு இருந்த உறுதியான இடங்கள் போயின.

பெண்கள் துறையில் ஆண் தலைமை

மகப்பேறும் பெண்நோயியலும் பெண் மருத்துவர்களுக்குரிய துறை என்று சமூகம் ஒதுக்கியது. அத்துறையிலும் அறிவு அதிகாரம் நெடுங்காலம் ஆண்களிடமே இருந்தது. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனையின் கண்காணிப்பாளர் பொறுப்பு இந்திய மருத்துவப் பணி அதிகாரிகளிடமிருந்து ஏ. லட்சுமணசுவாமி முதலியாரிடம் வந்தது. 1939-இல் சென்னை மருத்துவக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரான அவர், 1942 முதல் 27 ஆண்டுகள் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். அவரும் எம்.கே. கிருஷ்ண மேனனும் எழுதிய மகப்பேற்றியல் நூலே இந்தியாவெங்கும் பல தலைமுறை மாணவர்களுக்குப் பாடநூல். பிந்தைய பதிப்புகளைத் திருத்தி அமைத்தவர்கள் சரளா கோபாலன், வனிதா ஜெயின் என்ற பெண் பேராசிரியர்கள். பிரசவ அறையில் பெண்கள் நிறைந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரே அத்துறையின் பாடநூல் பெண்கள் கைக்கு வந்தது.

வழக்கமான ஏணிக்கு வெளியே

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தமிழக மருத்துவக் கல்வியில் தலைமை நிலைக்கு வந்த பெண்களை வரிசைப்படுத்தினால், பலர் வழக்கமான பதவி ஏணிக்கு வெளியே எழுந்ததைக் காணலாம்.

அடையாறு புற்றுநோய் நிறுவனம் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியில் உருவானது. 1952-இல் அடிக்கல் நாட்டப்பட்டு 1954-இல் இயங்கத் தொடங்கியது. 1955-இல் எம்.டி. முடித்த வி. சாந்தா, அரசு மகளிர் மருத்துவமனையில் தமக்குக் கிடைத்த பணியிடத்தை விட்டுவிட்டு, 12 படுக்கைகளோடு இருந்த இந்நிறுவனத்தில் சேர்ந்தார். முத்துலட்சுமியின் மகன் எஸ். கிருஷ்ணமூர்த்தியுடன் சேர்ந்து அதை வளர்த்து, 1980 முதல் 1997 வரை இயக்குநராக இருந்தார். 2005-இல் மகசேசே விருதும் 2016-இல் பத்ம விபூஷணும் பெற்றார். ஒரு பெண் நிறுவி, இன்னொரு பெண் ஏறத்தாழ வாழ்நாள் முழுவதையும் கொடுத்து வளர்த்த நிறுவனம் அது. அரசுப் பணியில் இருந்திருந்தால் பணிமூப்புப் பட்டியலும் பணிமாறுதலும் அந்தத் தொடர்ச்சியை அவருக்கு அனுமதித்திருக்க மாட்டா.

டி.எஸ். கனகா வேறொரு வழியில் சென்றவர். சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1963-இல் பொது அறுவையில் எம்.எஸ்., 1968-இல் நரம்பியல் அறுவையில் எம்.சிஎச். முடித்தார். ஆசியாவின் முதல் பெண் நரம்பியல் அறுவை மருத்துவர் எனப் போற்றப்பட்டார். அந்நாளில் உலக அளவிலும் இத்துறைப் பெண்கள் விரல்விட்டு எண்ணத் தக்கவர்களே. பி. ராமமூர்த்தியின் குழுவில் மூளையின் குறிப்பிட்ட புள்ளியைக் குறிவைக்கும் அறுவை முறையில் பணியாற்றினார்.

சென்னை மருத்துவக் கல்லூரி நுண்ணுயிரியல் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவரிடம் பட்டமேற்படிப்பு பயின்ற எஸ். நிர்மலாவும் 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்தனர். சென்னையில் பாலியல் தொழிலாளர்களிடம் நிர்மலா எடுத்த இரத்த மாதிரிகள் வேலூரில் சோதிக்கப்பட்டன. தொடர் பணிக்காகச் சாலமன் கல்லூரியை விட்டு விலகி 1993-இல் தனி அமைப்பைத் தொடங்கினார். நாட்டின் பொதுச்சுகாதார வரலாற்றைத் திருப்பிய ஆய்வு ஒரு கல்லூரித் துறையில் பிறந்தது. அதன் வளர்ச்சி கல்லூரிக்கு வெளியே நடந்தது.

இவ்வரலாறுகளில் சிலவற்றில் இன்னொரு பொதுக்கூறும் உண்டு. ஐடா ஸ்கடரும் சாந்தாவும் திருமணம் செய்துகொள்ளவில்லை. ஆண் பேராசிரியர்களின் வாழ்க்கை வரலாறுகளில் தலைமைக்கும் குடும்பத்துக்கும் இடையே இத்தகைய தேர்வு அரிதாகவே காணப்படும்.

எண்கள் காட்டுவது

2011-இல் லான்செட் இதழில் வெளியான ஆய்வு ஒன்று, இந்தியாவின் அலோபதி மருத்துவர்களில் பெண்கள் 17 விழுக்காடு, கிராமப்புறங்களில் 6 விழுக்காடு மட்டுமே என்று மதிப்பிட்டது. சேர்க்கையில் பாதிக்கு மேல் என்பதோடு இதை ஒப்பிட்டால் இருவிதக் காரணங்கள் தெரியும். பழைய தலைமுறைகளில் பெண் மாணவர்கள் குறைவு என்பது ஒன்று. படித்தவர்கள் பணியில் தொடராமல் போவது மற்றொன்று. முதல் காரணம் காலப்போக்கில் கரையும். இரண்டாவது தானாகக் கரையாது.

அமெரிக்க அனுபவம் இதற்குச் சான்று. அங்கே 2018–19 நிலவரப்படி மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களில் பெண்கள் 41 விழுக்காடு. முழுப் பேராசிரியர்களில் 25. துறைத் தலைவர்களிலும் டீன்களிலும் 18. மாணவர் சேர்க்கை சமநிலையை நெருங்கிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் மேல்படிகள் அந்த அளவுக்கு நிறையவில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட அறிக்கை, உலகின் சுகாதார, சமூகப் பணியாளர்களில் ஏறத்தாழ 70 விழுக்காட்டினர் பெண்கள், உயர் பொறுப்புகளில் அவர்கள் 25 விழுக்காடு மட்டுமே என்றது.

இந்தியாவின் உச்ச நிறுவனங்களிலும் இதே போக்கு. 1956-இல் சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌரின் முயற்சியில் உருவான தில்லி எய்ம்ஸ் மருத்துவமனைக்கு முதல் பெண் இயக்குநர் கிடைத்தது 1984-இல். அவர் கதிரியக்கவியல் பேராசிரியர் சினேக் பார்கவா. அவருக்குப் பின் 2022 வரை அப்பொறுப்புக்கு வந்தவர்கள் அனைவரும் ஆண்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமைக்கு ஜி.வி. சத்தியவதி 1994-இலும், சென்னைக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து சௌமியா சுவாமிநாதன் 2015-இலும் வந்தனர். வேலூரில் பணியாற்றிய ககன்தீப் காங், இந்தியாவில் பணிபுரிந்துகொண்டே இலண்டன் ராயல் சொசைட்டிக்குத் தேர்வான முதல் இந்தியப் பெண், ஆண்டு 2019. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தில் எஸ். கீதாலட்சுமி 2015-இலும், ஆன்மிகச் சொற்பொழிவாளராகவும் தமிழர் அறிந்த உடற்கூறியல் பேராசிரியர் சுதா சேஷய்யன் 2018-இலும் துணைவேந்தர்களாயினர்.

இடைவெளி உருவாகும் விதம்

முதல் காரணம், வயதும் படிகளும் மோதுவது. எம்.பி.பி.எஸ். ஐந்தரை ஆண்டு, பட்டமேற்படிப்பு மூன்று, உயர்சிறப்புப் படிப்பு மேலும் மூன்று. தடையில்லாமல் படித்தாலும் முப்பதை நெருங்கும்போதுதான் ஒருவர் உதவிப் பேராசிரியராக முடியும். பேராசிரியராக அதன்பின் பொதுவாக ஏழு ஆண்டுப் பணி வேண்டும். அரசுப் பணியில் இருந்தபடி பட்டமேற்படிப்புக்குச் செல்வோர் அதற்கு முன் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சில ஆண்டுகள் பணியாற்றுகின்றனர். தொலைவான, கடினமான பகுதிகளில் பணியாற்றுவோருக்குத் தேர்வில் ஊக்க மதிப்பெண் உண்டு. திருமணம், பிள்ளைப்பேறு, குழந்தை வளர்ப்பு எல்லாம் நிகழும் அதே பத்தாண்டில் இவ்வளவும் நிகழ வேண்டும். பயிற்சிக் காலத்தில் மகப்பேறு விடுப்பு எடுத்தால் பயிற்சி நீளும், தேர்வு தள்ளிப்போகும், உடன் படித்தோருக்குப் பின்னால் பணிமூப்பு அமையும்.

இந்தத் தாமதம் தலைமைப் பதவியில் பெரிதாகத் தைக்கும். தமிழக அரசுக் கல்லூரிகளில் டீன் பதவி பணிமூப்பின் அடிப்படையில், பணிவாழ்வின் இறுதிக் கட்டத்தில் வருவது. ஓய்வு வயது 60. டீன் ஆகும்போது பலருக்கு எஞ்சியிருப்பது ஓரிரு ஆண்டுகளே. முப்பது வயதில் இழந்த இரண்டு ஆண்டு, ஐம்பத்தெட்டு வயதில் அந்தப் பதவியையே தட்டிப் பறித்துவிடக்கூடும்.

ஆயினும் பணிமூப்பு முறைக்கு மறுபக்கமும் உண்டு. யாரைப் பிடிக்கும், யார் தலைவராகத் தோற்றமளிப்பார் என்ற தனிப்பட்ட மதிப்பீடுகளுக்கு அதில் இடம் குறைவு. சென்னை மருத்துவக் கல்லூரியிலும் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரியிலும் அண்மைக் காலங்களில் பெண் டீன்கள் பொறுப்பு வகித்திருக்கின்றனர். தேர்வுக்குழு வழியே தலைவரைத் தெரிவு செய்யும் எய்ம்ஸ் போன்ற நிறுவனங்களில் பெண்கள் அரிதாகவே வந்துள்ளனர். எந்த விதியால் தெரிவு நடக்கிறது என்பது விளைவை மாற்றுகிறது.

இரண்டாவது காரணம், துறைப் பிரிவு. மகப்பேறு, குழந்தை மருத்துவம், நுண்ணுயிரியல், நோயியல், உடற்கூறியல் ஆகியவற்றில் பெண்கள் மிகுதி. எலும்பு முறிவு, சிறுநீரக அறுவை, இதய அறுவை, நரம்பியல் அறுவை ஆகியவற்றில் குறைவு. இரவுப் பணியும் அவசர அழைப்பும் மிகுந்த துறைகள் ‘பொம்பளைங்களுக்குச் சரிப்படாது’ என்ற அறிவுரை வீட்டிலும் வார்டிலும் மாணவிகளுக்குக் கிடைக்கிறது. மகப்பேற்றுத் துறையிலும் இரவுப் பணி அதற்குக் குறைந்ததன்று என்பதால், இந்த அறிவுரை பணிச்சுமையை அளந்து சொல்லப்படுவது ஆகாது.

மூன்றாவது, கணக்கில் வராத வேலை. காஞ்சிபுரத்து நெசவு வீட்டில் நூல் பிரிப்பது, தார் சுற்றுவது, கோர்வைக்குத் துணை இழுப்பது எனப் பெண்களின் உழைப்பு சேலை முழுதும் ஓடினாலும் கூலி சேலைக்கு இவ்வளவு என்று தறிக்காரர் பெயரில்தான் வரும். கல்லூரித் துறைகளிலும் மாணவர் வழிகாட்டல், தேர்வு ஏற்பாடு, விடுதிப் பொறுப்பு, குழுக்களின் பதிவேடு ஆகிய பணிகள் பெண் ஆசிரியர்கள் மேல் மிகுதியாக விழுகின்றன. தேசிய மருத்துவ ஆணையத்தின் பதவி உயர்வு விதிகள் பணியாண்டுகளையும் ஆய்வுக் கட்டுரைகளையும் எண்ணுகின்றன, இவற்றை எண்ணுவதில்லை. மாலை நேரத்தை ஆய்வுக்கு ஒதுக்க முடிந்தவருக்கே கட்டுரை சேரும்.

நான்காவது, பாதுகாப்பு. 2024 ஆகஸ்ட் 9 அன்று கொல்கத்தா அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் பணியில் இருந்த பட்டமேற்படிப்பு மாணவி வன்கொடுமை செய்து கொல்லப்பட்டார். உச்ச நீதிமன்றம் தேசியப் பணிக்குழு ஒன்றை அமைத்து, ஓய்வறை, கழிப்பறை, வெளிச்சம், போக்குவரத்து முதலியவற்றை ஆராயப் பணித்தது. இரவில் மருத்துவமனையில் இருக்க முடியாத நிலை, நீண்ட நேரம் நோயாளிகளோடு இருந்து கற்க வேண்டிய துறைகளிலிருந்து பெண்களை விலக்கி வைக்கும்.

மாற்றங்களும் அவற்றின் எல்லையும்

தமிழக அரசு 1989-இல் அரசுப் பணிகளில் பெண்களுக்கு 30 விழுக்காடு ஒதுக்கியது. 2021-இல் அதை 40 ஆக உயர்த்துவதாக அறிவித்தது. இது பணியில் நுழைவதற்கான ஏற்பாடு. அரசு ஊழியருக்கான மகப்பேறு விடுப்பு 2011-இல் ஆறு மாதமாகவும், 2016-இல் ஒன்பது மாதமாகவும், 2021-இல் ஓராண்டாகவும் நீண்டது. விடுப்பு நீண்டபோது அது பணிக்கணக்கில் ஏற்படுத்தும் இடைவெளியும் நீண்டது. தகுதிகாண் பருவத்துக்கு மகப்பேறு விடுப்புக் காலமும் கணக்கிடப்படும் என்று 2025 ஏப்ரலில் வந்த அறிவிப்பு அந்த முரணைச் சரிசெய்யும் முயற்சி. நாடு முழுமைக்குமான 2017-ஆம் ஆண்டு மகப்பேறு நலத் திருத்தச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்டோர் பணியாற்றும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பகம் அமைக்க வேண்டும் என்றது. இரவுப் பணியுள்ள மருத்துவமனைக்குப் பகல் காப்பகம் பாதித் தீர்வே.

ஆய்வுத்துறையில், பணியிடைவெளிக்குப் பின் திரும்பும் பெண்களுக்கு மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும் தனி நிதித் திட்டங்களை நடத்தியுள்ளன. 2020-இல் தொடங்கிய ‘கதி’ திட்டம் நிறுவனங்களையே பாலினச் சமத்துவ நோக்கில் மதிப்பிட முனைந்தது. இதன் முன்மாதிரி, பிரிட்டனில் 2005-இல் தொடங்கிய அதீனா ஸ்வான் சான்று முறை. அங்கே அது வலுப்பெற்றது 2011-இல், தலைமை மருத்துவ அதிகாரி சாலி டேவிஸ் பெரிய மருத்துவ ஆய்வு நிதிகளை அச்சான்றோடு பிணைத்தபோதுதான். நிதி போய்விடும் என்ற நிலை வந்ததும் மருத்துவக் கல்லூரிகள் தம் பதவி உயர்வுப் பட்டியலைப் பாலின வாரியாக எடுத்துப் பார்க்கத் தொடங்கின. 2020-இல் அந்தப் பிணைப்பு கைவிடப்பட்டது.

இந்த முயற்சிகளை ஒப்பிட்டால் ஒரு முடிவு தெளிவாகிறது. தனிப்பெண்ணுக்குச் சலுகை தரும் ஏற்பாடுகள் அவரைப் பணியில் நிறுத்த உதவுகின்றன. அவரை மேலே கொண்டுசெல்வது பதவி உயர்வின் கணக்கு முறைதான். தமிழகத்தில் அதற்குச் செய்யத்தக்கவை பெரும் செலவு பிடிப்பவை அல்ல. மகப்பேறு விடுப்பைப் பணிமூப்பிலும் பதவி உயர்வுக்கான பணியாண்டுகளிலும் முழுமையாகச் சேர்ப்பது, கற்பித்தலையும் மாணவர் வழிகாட்டலையும் ஆய்வுக் கட்டுரைக்கு இணையாக மதிப்பிடுவது, தேர்வுக்குழுக்களில் போதிய பெண்களை அமர்த்துவது, இரவுப் பணியிலும் இயங்கும் குழந்தைகள் காப்பகம் அமைப்பது ஆகியவை அவற்றில் முதன்மையானவை. இவற்றின் விளைவை அறிய, ஒவ்வொரு மருத்துவக் கல்லூரியும் உதவிப் பேராசிரியர் முதல் டீன் வரை ஒவ்வொரு படியிலும் உள்ள பெண்களின் எண்ணிக்கையையும், ஒரு படியிலிருந்து அடுத்ததற்குச் செல்ல அவர்கள் எடுத்துக்கொண்ட ஆண்டுகளையும் துறை வாரியாக ஆண்டுதோறும் வெளியிட வேண்டும்.